பின்னால் போகத் தெரிந்த எஞ்சின்

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். பேராக் ஆற்றுப் பக்கம் ஒரு செம்பனை ஆலை. பழைய ஸ்டோரை இடிக்கப் போகிறார்கள். உள்ளே கிடந்ததையெல்லாம் பட்டியல் போட்டு, என்னிடம் நீட்டினார்கள். அதில் ஒரு வரி: ‘பழைய பம்ப் எஞ்சின், ஒன்று, உதவாது’. மறுநாள் பழைய இரும்பு வாங்கும் தவ்கே வந்தார். எடை போட்டார், லாரியில் ஏற்றினார், போய்விட்டார். ஏற்றுவதற்கு முன் கைத்தொலைபேசியில் நான்கு படங்கள் எடுத்துவைத்தேன். ஏன் எடுத்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

சில மாதம் கழித்து ஒரு தேநீர் வேளையில், போய்லர் பக்கம் முப்பது வருடம் நின்ற அண்ணன் சொன்னார்: “தம்பி, அது சாதாரண பம்ப் எஞ்சின் இல்ல. எங்கப்பா சொல்வாரு, அந்தப் பிடியை இழுத்தா பின்பக்கமா சுத்துமாம்.”

தேநீர் கையிலேயே ஆறிப்போனது. தண்ணீர் இறைக்கும் எஞ்சினுக்கு எதற்குப் பின்னால் சுற்றும் வசதி? பின்னால் போக வேண்டியது படகுக்குத்தான். துறையில் ஒட்ட வேண்டும், மணல்திட்டில் ஏறினால் விலக வேண்டும். நான் கழித்துக்கட்டியது ஒரு ஸ்டீம் லாஞ்சின் எஞ்சின்.

நம் ஆறுகளுக்கு ஸ்டீம் லாஞ்ச் புதிதல்ல. 1879-இல் இங்கே வந்த இசபெல்லா பேர்ட், மலாக்காவிலிருந்து லிங்கி ஆற்றுக்குச் சிறிய ஸ்டீம் லாஞ்சில் போன கதையைத் தன் பயணநூலில் எழுதியிருக்கிறார். சாலையும் ரயிலும் உள்நாட்டை எட்டாத காலத்தில் ஆறுதான் பாதை. அதிகாரியும் கடிதமும் ஆற்றில்தான் போக வேண்டும். இங்கிலாந்தில் ஜான் தோர்னிகிராஃப்ட் தேம்ஸ் ஆற்றில் ‘நாட்டிலஸ்’ என்ற லாஞ்சை ஓட்டியது 1862-இல். அவருடைய ‘மிராண்டா’ 1871-இல் பதினாறு நாட்டுக்கு மேல் வேகம் காட்டியது. அந்த அனுபவம்தான் 1876-இல் ‘லைட்னிங்’ என்ற டார்பிடோ படகாக மாறியது. பொழுதுபோக்குப் படகும் போர்ப்படகும் ஒரே பட்டறையில் பிறந்தவை. நாம் ‘காலனிய காலம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் கதைக்குள் இந்தச் சின்ன எஞ்சின்களும் ஓடிக்கொண்டிருந்தன.

நான் படித்தது உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில். ஸ்டீம் டர்பைனுக்குக் கணக்குப் போடச் சொன்னால் போடுவேன். பிஸ்டன் வைத்த நீராவி எஞ்சினைப் பாடத்தில் ஒரு படத்தோடு கடந்துவிட்டோம். அதனால் அந்த நான்கு படங்களை வைத்துக்கொண்டு பிறகுதான் படித்தேன்.

அடையாளம் காண்பதில் முதல் கேள்வி, அது நிலத்துக்கு உரியதா நீருக்கு உரியதா என்பது. நிலத்து எஞ்சினில் பெரிய ஃப்ளைவீலும், வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரும் இருக்கும். படகு எஞ்சின் பெரும்பாலும் நின்றவாக்கில் இருக்கும், எடை குறைவு. திசை மாற்ற, வளைந்த ஒரு இணைப்புத் துண்டும் அதை நகர்த்தும் கைப்பிடியும் இருக்கும். ஸ்டீஃபன்சன் லிங்க் என்பார்கள். என் இரண்டாவது படத்தில் அது தெளிவாகத் தெரிகிறது. படகு உளுத்தபின் எஞ்சினை மட்டும் கழற்றி, பம்புக்கோ டைனமோவுக்கோ மாட்டுவது உலகெங்கும் நடந்ததுதான்.

அடுத்தது பெயர்ப்பலகை. பித்தளை என்பதால் முதலில் காணாமல் போவது அதுதான். இருந்தாலும் முழுசாக நம்ப முடியாது, வேறு எஞ்சினிலிருந்து கொண்டுவந்து திருகியிருக்கலாம். அதைவிட நம்பகமானவை பாகங்களில் குத்திய எண்கள். கனெக்டிங் ராட், சிலிண்டர் மூடி, வால்வுப் பெட்டி எல்லாவற்றிலும் ஒரே எண் இருந்தால் அவை ஒன்றாகப் பிறந்தவை என்று சொல்லலாம். பிறகு திருகாணிகள். விட்வொர்த் 1841-இல் முன்வைத்த பிரிட்டிஷ் மரையின் கோணம் 55 பாகை, அமெரிக்க மரை 60. கடைசியாகச் சிலிண்டரின் உள்விட்டமும் பிஸ்டன் நகரும் தூரமும். அங்குலத்தில் அளந்து, குளோஸ்டரின் சிசன்ஸ், டார்ட்மத்தின் சிம்ப்சன் ஸ்ட்ரிக்லண்ட் போன்றவர்களின் பழைய விலைப்பட்டியலோடு ஒப்பிட வேண்டும்.

என் படங்களில் அளவுகோல் இல்லை. ஒரு படத்தின் ஓரத்தில் என் பாதுகாப்புக் காலணியின் முனை விழுந்திருக்கிறது. அதை அளந்து கணக்குப் போட்டேன். சின்ன சிலிண்டர் ஐந்து அங்குலம் இருக்கலாம், நாலாகவும் இருக்கலாம். பலகை இருந்த இடத்தில் நான்கு துளைகள். இதற்கு மேல் என் விசாரணை நகரவில்லை.

மீட்டெடுத்த கதைகளில் என் மனதில் நின்றது ‘டாலி’. சுமார் 1850-இல் கட்டிய லாஞ்ச். வட இங்கிலாந்தின் அல்ஸ்வாட்டர் ஏரியில், 1895-இன் கடுங்குளிரில் மூழ்கியது. 1962-இல்தான் வெளியே எடுத்தார்கள். அறுபத்தேழு வருடம் குளிர்ந்த நன்னீரில் கிடந்த எஞ்சினைச் சுத்தம் செய்து மறுபடி ஓட்டியும் காட்டினார்கள். கடல்நீராக இருந்திருந்தால், நம் ஊர் வெப்பமாக இருந்திருந்தால், என்ன மிஞ்சியிருக்கும்?

இறுகிப்போன பிஸ்டனைச் சுத்தியலால் அடிக்கக் கூடாது. எண்ணெய் ஊற்றிக் காத்திருக்க வேண்டும், மெல்லச் சூடாக்க வேண்டும், மறுபடி காத்திருக்க வேண்டும். கழற்றும் முன் ஒவ்வொன்றையும் படமெடுத்துக் குறிக்க வேண்டும். பழைய போய்லரை நம்பி நெருப்பு மூட்டக் கூடாது. முதலில் அழுத்தக் காற்றில் ஓட்டிப் பார்க்கலாம்.

ஆனால் பெரிய சிக்கல் வேறு. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்தால் எஞ்சின் ஓடும், ஆனால் நூறு வருடத் தேய்மானம் சொல்லும் கதை சுருள் சுருளாகத் தரையில் விழும். கடையாவிட்டால் கதை இருக்கும், எஞ்சின் ஓடாது. விண்டர்மியர் அருங்காட்சியகம் 1902-இல் கட்டிய ‘ஆஸ்ப்ரே’ லாஞ்சில் ஆட்களை ஏற்றிப் போயிருக்கிறது. அந்த ஏரியின் லாஞ்சுகளில் நீராவிச் சுருளால் தண்ணீரைச் சில வினாடிகளில் கொதிக்கவைக்கும் ஒரு செம்பு கெண்டி உண்டாம். ஓடும் எஞ்சினில்தான் தேநீர் கிடைக்கும். ஓட்டலாமா, காக்கலாமா? இந்தக் கேள்வி எனக்குக் கொஞ்சம் பொறாமையைத் தருகிறது. பொருள் கையில் இருப்பவர்களுக்குத்தானே அந்தக் கவலை.

நம்மிடம் இருந்தது எடைக்குப் போய்விட்டது. திருடியவர் யாருமில்லை. முறைப்படி படிவம் நிரப்பி, பொறியியல் பட்டம் வாங்கிய நான்தான் ஒப்புக்கொண்டேன். அண்ணனுடைய அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. அவரிடம் கேட்க எந்தப் படிவத்திலும் இடமில்லை.

இப்போது கழிவுப் பட்டியல் வந்தால் உடனே கையெழுத்துப் போடுவதில்லை. அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படமெடுக்கிறேன். குத்திய எண்களைத் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கிறேன். அண்ணனையும் கூப்பிடுகிறேன்.

“இதெல்லாம் எதுக்கு தம்பி?” என்று சிரிப்பார். சிரித்துவிட்டு, எண் இருக்கும் இடத்தை அவரே துடைத்துவிடுவார்.