பூட்டிய டயலும் ஒற்றை மணியும்

மலையகத் தோட்டங்களில் தொலைபேசி நீண்டகாலம் இரண்டு இடங்களில் மட்டுமே இருந்தது. ஒன்று துரையின் பங்களா; மற்றையது தோட்டக் காரியாலயம். லயத்துவாசிகளுக்கு அது ஜன்னலுக்கு அப்பால் தெரியும் கறுப்புப் பெட்டி. கடிதங்கூடக் காரியாலயத்தின் ஊடாகவே அவர்களது கைக்கு வந்தது. லயக் காம்பிராக்களுக்குத் தனி முகவரி கிடையாது. (பல தோட்டங்களில் இந்நிலை இன்றும் முற்றாக மாறிவிடவில்லை.)

கையால் இணைப்புக் கொடுத்த காலத்தில் ஒப்பரேட்டரே ஊரின் காது. யார் யாருடன் பேசலாம், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில். அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் அல்மன் ஸ்ட்ரோஜர் என்ற ஈமச்சடங்கு முகவர், தமக்கு வரவேண்டிய அழைப்புகளை ஒப்பரேட்டர் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் எனச் சினந்து தானியங்கி இணைப்பகத்தைக் கண்டுபிடித்தார் என்பார்கள். 1891 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஒப்பரேட்டர் அகன்றார், டயல் வந்தது. டயல் வந்ததும் நம்மவர்கள் அதற்கொரு சிறு பூட்டும் போட்டார்கள்!

அந்தப் பூட்டுக்கு ஒரு மாற்று வழி இருந்தது. டயல் திரும்பி வருகையில் கம்பியில் ஓடும் மின்னோட்டம் விட்டுவிட்டுத் துண்டிக்கப்படும். ஐந்து என்றால் ஐந்து தடவை. பூச்சியம் என்றால் பத்துத் தடவை. ரிசீவரை வைக்கும் இடத்திலுள்ள பொத்தானை அதே வேகத்தில் தட்டினாலும் இணைப்பகத்துக்கு வேறுபாடு தெரியாது. காரியாலயங்களில் வேலைசெய்த பொடியன்மார் பலருக்கு இந்த வித்தை தெரியும். இலக்கத்துக்கு இலக்கம் சற்று இடைவெளி விடவேண்டும். ஒரு தட்டுப் பிசகினால் வேறெவர் வீட்டிலோ மணியடிக்கும்.

1980களின் பிற்பகுதியில் எங்கள் பகுதித் தோட்டமொன்றில், பிரசவ வலி கண்ட பெண்ணுக்கு இரவில் லொறி கிடைக்கவில்லை. டயல் பூட்டின் சாவியோ கிளாக்கரிடம். காவல்காரர் பூட்டிய தொலைபேசியைத் தட்டித்தட்டி, நகரில் வாடகைக் கார் வைத்திருந்தவரை எழுப்பினார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். காவல்காரருக்கோ மறுவாரம் விசாரணை. தொழிற்சங்கம் தலையிடும்வரை வேலையில்லை. அவர் செய்தது திருட்டு என்று நிர்வாகம் எழுதியதை நான் இன்றளவும் ஏற்கவில்லை.

அதற்கு முன்பே அமெரிக்காவில் ஜோ எங்ரெசியா என்ற பார்வையற்ற சிறுவன் 2600 ஹேர்ட்ஸ் சீட்டியடித்துத் தொலைதூர இணைப்பை ஏமாற்றியிருந்தான். ஸ்டீவ் ஜொப்ஸும் வொஸ்னியாக்கும் இத்தகைய கருவியை விற்றுத்தான் தமது கூட்டு வியாபாரத்தைத் தொடங்கினார்கள். அவர்களுக்கு அது பெரும்பாலும் விளையாட்டு.

1990களில் ஹட்டன், தலவாக்கலை கடைவீதிகளில் 'கொமியூனிகேஷன்' கடைகள் முளைத்தன. கொழும்புக் கடைகளில் வேலைசெய்த தோட்டத்து இளைஞர்கள் அங்கு அழைத்து, லயத்துக்கு ஆள் அனுப்பச் சொல்லிவிட்டு அரைமணி கழித்து மீண்டும் அழைப்பார்கள். 1964 ஒப்பந்தத்தின்படி கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் பெயர்ந்த உறவுகளுடன் பேசுவதானால் ஒரு நாட்கூலி போதாது. சாவுச் செய்தி மட்டுமே பேசத்தக்கது எனப் பலர் கருதினர்.

கைப்பேசி வந்தபின் 'மிஸ்கோல்' தனியொரு மொழியாயிற்று. ஒரு மணி, வந்து சேர்ந்தேன். இரண்டு மணி, நீ எடு. செலவு ஏதுமில்லை. முன்பின் தெரியாத இலக்கத்துக்கு மிஸ்கோல் கொடுத்துக் குரலைக் கேட்கும் குறும்பும், அதில் முளைத்த காதல்களும், பெண்பிள்ளைகளுக்கு நேர்ந்த தொல்லைகளும் இதே வழியில்தான் வந்தன.

போரின் இறுதி ஆண்டுகளில் அந்தக் குறும்பு அடங்கிற்று. சிம் அட்டை யார் பெயரில் என்பது சோதனைச் சாவடிக் கேள்வியாயிற்று. ஒரு சிம்மை நான்கு பேர் பகிர்ந்த லயங்களில் அதற்கு நேர்விடை இல்லை. தன் பெயரில் வாங்கியதைத் தம்பிக்குக் கொடுத்த அண்ணனொருவரை பொலிஸ் நிலையமொன்றில் பகல் முழுவதும் இருத்திவைத்தார்கள். அச்செய்தியைத் தொலைபேசியில்தான் கொழும்புக்கு வாசித்தேன். அது அச்சேறவில்லை.