பாமினி முதல் ஏஐ வரை: ஒரு பழைய பிழையின் கதை

போன மாதம் ஒரு அக்கா தன்ர பழைய ஆய்வுக்கட்டுரையை வாசிக்க அனுப்பினா. நுகேகொடை அறையில் இருந்து போனில் திறந்தால் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை, முழுக்க ஆங்கில எழுத்து. ஃபைல் பழுதாகவில்லை. அது பாமினியில் அடித்தது, என்ர போனில் பாமினி இல்லை. அவ்வளவுதான்.

பாமினியில் 'தமிழ்' என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என ஐந்து விசைகளைத் தட்டவேண்டும். கம்பியூட்டர் சேமிப்பது அந்தக் குறிகளைத்தான். அவற்றைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு. "இது பாமினி" என்ற லேபிள் தொலைந்தால் தமிழும் தொலையும்.

தொண்ணூறுகளில் இப்படிப் பல எழுத்துருக்கள், ஒவ்வொன்றுக்கும் வேறு ஒழுங்கு. 1999 இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டிலிருந்து டாம், டாப் குறியீடுகள் வந்தன. இணையத்தில் பலர் டிஸ்கியைப் பிடித்துக்கொண்டார்கள். யூனிகோடில் 1991 இலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனாலும் பாமினிக்குப் பழகிய கைகள் இங்கே அதைச் சுலபமாக விடவில்லை. பிறகு மாற்றிகள் வந்தன. ஆனால் நடுவில் நிஜமான ஆங்கில வசனம் இருந்தால், அதையும் தமிழென்று நினைத்துக் குழப்பிவிடும்.

இதே பிழைதான் இப்போ ஏஐ முகவர்களில். மாதிரிக்குப் போகும் ஒவ்வொரு செய்தியிலும் 'ரோல்' என்றொரு லேபிள், அதாவது பேசுவது யார் என்ற அடையாளம், இருக்கும். 2023 மார்ச்சில் ஓப்பன்ஏஐ திறந்துவிட்ட சாட் ஏபிஐயில் சிஸ்டம், யூசர், அசிஸ்டன்ட் என்று மூன்று. 2024 கடைசியில் ஓ1 மாதிரியோடு சிஸ்டத்தின் இடத்துக்கு 'டெவலப்பர்' வந்தது. கூகுளின் ஜெமினியில் அசிஸ்டன்டுக்குப் பெயர் 'மொடல்'. இடையில் நிற்கும் மென்பொருள் நூலகங்கள்தான் ஒன்றை மற்றதுக்கு மொழிபெயர்க்கவேண்டும்.

தெரியாத லேபிளைக் கண்டு மாதிரி "பிழை" என்று நின்றால் நல்லது, கண்ணுக்குத் தெரியும். சத்தமில்லாமல் மாறுவதுதான் ஆபத்து. "வாடிக்கையாளர் விபரத்தை யாருக்கும் சொல்லாதே" என்ற உரிமையாளரின் கட்டளை, யாரோ ஒரு பயனர் சொன்ன பேச்சாகிவிடும். சொல் அப்படியே இருக்கும், அதிகாரம் போய்விடும்.

திருத்தம் பெரிய மந்திரமில்லை. உள்ளே மூல லேபிளைக் காப்பாற்று. வெளியே அனுப்பும் இடத்தில் மட்டும், போகிற இடத்துக்கு என்ன புரியும் என்று பார்த்து மாற்று. தெரியாவிட்டால் ஊகிக்காதே, நிறுத்து.

அக்காவின் ஃபைலும் அப்படித்தான் தப்பியது. எந்தப் பகுதி எந்த எழுத்துரு என்ற விபரம் வேர்ட் ஃபைலுக்குள் இருந்தது. பாமினிப் பகுதிகளை மட்டும் மாற்றினோம். ஆங்கில மேற்கோள்கள் அப்படியே நின்றன.

உங்கட வீட்டுப் பழைய பென்டிரைவிலும் பாமினி ஃபைல்கள் கிடக்கலாம். மாற்றுங்கோ, ஆனால் மூலத்தை அழிக்காதேங்கோ.