பதின்பருவத்தினரின் புழங்குவெளி அளவீடு

பதின்பருவத்தினர் அன்றாடம் எங்கெங்கே போய்வருகிறார்கள், எங்கே கூடி நிற்கிறார்கள், எந்த வழியைத் தவிர்க்கிறார்கள் என்பதை நிலப்படத்தில் பதியும் ஆய்வுமுறை. புவியியல், உளவியல், பொதுச் சுகாதாரம், நகரமைப்பு ஆகிய துறைகளில் பயன்படுகிறது. வார்டு எல்லையும் சென்சஸ் எல்லையும் நிர்வாக வசதிக்காக வரையப்பட்டவை. சென்னைப் புறநகரான குன்றத்தூரில் வீடு, பல்லாவரத்தில் பள்ளி, போரூரில் டியூஷன் என்று இருக்கும் ஒரு மாணவியின் வட்டாரம் அவற்றுக்குள் அடங்காது. இம்முறையின் தேவை அங்கிருந்தே எழுகிறது.

இம்முறையின் முன்னோடியாகப் பலரும் குறிப்பிடுவது ஜெர்மானிய உளவியலாளர் மார்த்தா முக்கோவை. ஹாம்பர்க் நகரின் பார்ம்பெக் பகுதிப் பிள்ளைகளிடம் தெருப்படத்தைக் கொடுத்து, நன்கு பழகிய தெருக்களை ஒரு நிறத்திலும், எப்போதோ கடந்துபோன தெருக்களை வேறொரு நிறத்திலும் தீட்டச் சொன்னார். பையன்கள் சுற்றும் பரப்பு பெண்பிள்ளைகளுடையதைவிட விரிந்திருந்தது. இரண்டு வண்ணப் பென்சில்களில் கிடைத்த இந்தத் தெளிவுக்கு இன்றும் மதிப்புக் குறையவில்லை. நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933இலேயே முக்கோ உயிரை மாய்த்துக்கொண்டார். இந்த ஆய்வை அவருடைய தம்பி 1935இல் நூலாக வெளியிட்டார்.

1970களில் அமெரிக்க நகரமைப்பு அறிஞர் கெவின் லிஞ்ச், யுனெஸ்கோ ஆதரவில் அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, மெக்சிகோ, போலந்து ஆகிய நாடுகளில் வளரிளம் பருவத்தினரிடையே ஒப்பாய்வு நடத்தினார். அதன் அறிக்கை 1977இல் வந்தது. புவியியலாளர் ராஜர் ஹார்ட் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலச் சிற்றூர் ஒன்றில் பிள்ளைகளிடையே செய்த ஆய்வு 1979இல் நூலானது.

இந்தியாவைப் பொறுத்தவரை விரிவாக எழுதப்பட்டவற்றுள் ஒன்று பெங்களூரு சத்யநகர் ஆய்வு. லிஞ்சின் திட்டத்துக்கு 1990களில் ஆய்வாளர் லூயிஸ் சாவ்லா மறுஉயிர் கொடுத்தபோது தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்களுள் இதுவும் ஒன்று. குடியிருப்போர் தாமே வீடு கட்டிக்கொண்ட இப்பகுதியில் தமிழ் பேசும் குடும்பங்களும் இருந்தன. டேவிட் டிரிஸ்கெல், காஞ்சன் பானர்ஜி ஆகியோர் 1997இல் அங்கே வேலையைத் தொடங்கினர். பிள்ளைகள் தம் பகுதியைப் படமாக வரைந்தார்கள். காலை எழுந்தது முதல் இரவு படுப்பதுவரை செய்பவற்றைச் சொன்னார்கள். கேமராவைக் கையில் வாங்கித் தங்களுக்கு முக்கியமானவற்றைப் படம்பிடித்தார்கள். ஆய்வாளர்களைச் சந்துசந்தாக அழைத்துப்போய், "இங்கே விளையாடுவோம், அங்கே போகமாட்டோம்" என்று காட்டினார்கள். பிள்ளைகள் முன்னே நடக்க ஆய்வாளர் பின்தொடரும் அந்த நடை, இம்முறையின் ஆகச் சிறந்த பகுதி என்றே சொல்லலாம். எங்கே ஒதுங்குகிறார்கள், எங்கே குரல் தாழ்கிறது என்பது எந்தப் படிவத்திலும் வராது.

தண்ணீருக்கும் கழிப்பிடத்துக்கும் திண்டாட்டமாக இருந்தும் பிள்ளைகள் தம் இடத்தைப் பிரியத்தோடு பேசினார்கள். நட்பு, திருவிழா, பக்கத்துத் திறந்தவெளி ஆகியவை அதற்குக் காரணங்கள். மாறாக, அதே திட்டத்தில் ஆராயப்பட்ட, வசதிகள் மிகுந்த மெல்போர்னின் பதின்பருவத்தினரிடம் சலிப்பும் ஒதுக்கப்பட்ட உணர்வும் தென்பட்டன. சத்யநகர்ப் பிள்ளைகளின் பிரியத்தைச் சமூக உறவின் வலிமையாகவும் கொள்ளலாம், எதிர்பார்ப்பே சுருங்கிப்போனதன் அடையாளமாகவும் கொள்ளலாம். அங்கே பெண்பிள்ளைகளின் நேரத்தை வீட்டு வேலையும் தண்ணீர் எடுப்பதும் தின்றன என்பதில் ஐயமில்லை. பிள்ளைகளின் யோசனைகளைச் செயலாக்குவதில் ஏற்பட்ட நிறுவனத் தடைகளை ஆய்வாளர்களே 2001இல் ஒளிக்காமல் எழுதினர்.

அரசுக் கணக்கெடுப்புகள் வேறு கோணத்தில் அமைந்தவை. தமிழ்நாடு உட்பட 6 மாநிலங்களில் 1998–99இல் நடந்த நேரப் பயன்பாட்டு ஆய்வும், 2019இல் நாடு முழுவதும் நடந்ததும் 6 வயதுக்கு மேற்பட்டோரின் நாளைக் கணக்கிட்டன. எத்தனை நிமிடம் என்று அவை சொல்லும். எந்தத் தெரு வழியாக என்று சொல்லா. வழியும் தொலைவும் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சான்று: பீகாரில் 2006இல் தொடங்கிய மாணவியர் சைக்கிள் திட்டத்தை ஆராய்ந்தவர்கள், உயர்நிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களிலேயே பலன் மிகுதி என்று கண்டனர்.

2014 முதல் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் 11–17 வயதினரின் நடமாட்டம் செல்போன் ஜிபிஎஸ் வழியே பதியப்பட்டது. இக்கருவி துல்லியமானது, ஆனால் ஒருவர் ஓரிடத்துக்கு விரும்பிப் போனாரா, வேறு வழியின்றிப் போனாரா என்பதை அது காட்டாது. எந்த எல்லையைச் சூழலாகக் கொள்வது என்ற சிக்கலைப் புவியியலாளர் மெய்-போ குவான் 2012இல் எழுப்பினார். விவாதம் இன்னும் முடியவில்லை. இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதலைக் கட்டாயமாக்கும் பிரிவைக் கொண்டுள்ளது.

குன்றத்தூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரையிலான தொழிற்பகுதிக்கு இந்த அளவீட்டில் தனிக்கூறு ஒன்று உண்டு. பிளஸ் டூ முடித்து வெளிமாவட்டங்களிலிருந்து வேலைக்கு வரும் 18, 19 வயதுப் பெண்களும் பதின்பருவத்தினரே. விடுதி, கம்பெனி பஸ், ஷாப் ஃப்ளோர் ஆகியவற்றைச் சுற்றியே அவர்களின் நாள் கழிகிறது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட விடுதி மட்டும் 18,720 பெண் தொழிலாளர்களுக்கானது. பள்ளிகளின் வழியே மட்டும் ஆள் தேர்ந்தெடுக்கும் ஆய்வில் இவர்கள் இடம்பெற மாட்டார்கள். இப்பகுதியை அளக்க வருவோர் விடுதி வாசலிலும் தொடங்க வேண்டும்.