சான் பிரான்சிஸ்கோவின் புளிப்பு ரொட்டி

1848-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் பொன் கண்டெடுக்கப்பட்ட செய்தி பரவியபின், நானா திசைகளிலிருந்தும் மக்கள் சான் பிரான்சிஸ்கோவை நோக்கித் திரண்டு வந்த காலத்தில், அவர்களுக்கு உணவளிக்கும் தொழிலை மேற்கொண்டு அந்நகரில் குடியேறியவர்களுள் பிரெஞ்சு ரொட்டிக்காரர்களும் இருந்தனர். மேலே மொறுமொறுப்பும் உள்ளே மென்மையும் ஆழ்ந்த புளிப்பும் கொண்ட அவர்களுடைய ரொட்டி அந்நகருக்கே தனிப்பெருமை தேடித் தந்தது. 1849-இல் தொடங்கப்பட்ட பூடான் ரொட்டிச்சாலை இன்றும் நடந்து வருகிறது.

அத்தொழிலின் உயிர்நிலை தாய்மாவைக் காப்பதில் இருந்தது. பாலுக்கு உறையூற்ற முந்தின நாள் மோரில் சிறிது எடுத்து வைக்கும் நம் வீட்டுப் பெண்மணிகளைப் போல, அவர்கள் புளித்த மாவில் ஒரு பங்கை ஒதுக்கி, அதனோடு புதுக் கோதுமை மாவும் நீரும் கூட்டிப் பிசைந்து, புளிக்கவைத்து, மீண்டும் ஒரு பங்கை ஒதுக்கி, நாள்தோறும் பலமுறை இக்காரியத்தை ஒரு விரதமாகவே அனுஷ்டித்து வந்தனர். 1906-ஆம் ஆண்டுப் பூகம்பத்தின்போது லூயீஸ் பூடான் என்னும் அம்மையார் தாய்மாவை ஒரு வாளியில் எடுத்துக் காப்பாற்றினார் என்று அந்த ரொட்டிச்சாலையில் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர்.

இந்தப் புளிப்பு தம் ஊரின் கடற்பனிக்கும் காற்றுக்கும் உரியது, வேறெங்கும் வாய்க்காது என்பது அத்தொழிலாளரின் அசையாத நம்பிக்கை. அதனை அறியாமை என்று தள்ளிவிடாமல், விரிகுடாவின் மறுகரையில் ஆல்பனியில் இருந்த அமெரிக்க விவசாய இலாகாவின் ஆராய்ச்சிக்கூடத்து விஞ்ஞானிகளான ஃப்ராங்க் சுகிஹாராவும் லியோ க்ளைனும், ரொட்டிச்சாலைகளிலிருந்தே மாவைப் பெற்று நுணுகி ஆராய்ந்து, 1971-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர்.

மாவை உப்பச் செய்வது கடும் புளிப்பிலும் தாங்கி வளரும் ஒரு தனி ஈஸ்ட் என்று அவர்கள் கண்டனர். புளிப்பைத் தரும் பாக்டீரியாவோ வழக்கமான ஊட்டக் குழம்புகளில் வளர மறுத்தது. மாவுச்சத்து சிதைவதால் பிறக்கும் மால்டோஸ் என்னும் சர்க்கரையையும் புதிய ஈஸ்டின் சாற்றையும் கொடுத்தபிறகே செழித்தது. அந்த ஈஸ்டுக்கு மால்டோஸை உண்ணும் சக்தி இல்லை. ஆகவே, ஒன்றின் ஆகாரத்துக்கு மற்றொன்று போட்டியிடாமலும், பாக்டீரியா உண்டாக்கும் லாக்டிக், அசிட்டிக் அமிலங்கள் அந்நியக் கிருமிகளைத் தடுக்கவும், அவ்விரண்டும் ஒரே மாவில் கூடி வாழ்கின்றன. அதுவரை அறியப்படாதிருந்த அந்தப் பாக்டீரியாவுக்கு ஊரின் பெயரையே இட்டு, லாக்டோபசில்லஸ் சான்பிரான்சிஸ்கோ என்று அழைத்தனர்.

பின்னாளில் அதே பாக்டீரியா இத்தாலி முதலிய நாடுகளின் புளித்த மாவிலும் காணப்பட்டமையால், கடற்பனி காரணமன்று என்பது தெளிவாயிற்று. ஆயினும் தம் மாவில் ஏதோ ஒன்று உயிரோடிருக்கிறது, அதை வேளை தவறாமல் பேண வேண்டும் என்று ரொட்டிக்காரர்கள் உணர்ந்திருந்தது சத்தியமே. மைக்ராஸ்கோப்பைக் கண்டிராத அவர்களுடைய ஒழுங்குதான் அவ்விரு உயிர்களையும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிலைபெறச் செய்தது. தொழிலாளியின் பட்டறைக்குள் பணிவோடு நுழைந்து கேள்வி கேட்கும் விஞ்ஞானத்துக்கே இத்தகைய உண்மைகள் கிட்டும். நம் நாட்டுக் கைத்தொழில்களை ஆராயப் புகும் இளைஞர்களும் அந்தப் பணிவைக் கைக்கொள்ள வேண்டும்.