துளைவழி அறுவை பிறந்த கதை

வயிற்றைத் திறவாமல் அறுவை இல்லை என்பது மருத்துவர்தம் நெடுநாள் துணிபு. டிரெஸ்டன் நகரத்து மருத்துவர் கெயார்க் கெல்லிங், 1901ஆம் ஆண்டு ஹாம்பர்க்கில் கூடிய அறிஞர் மாநாட்டில், நாயொன்றின் வயிற்றைக் காற்றால் உப்பச் செய்து, சிறு துளைவழியே குழாய்க் கண்ணாடியைச் செலுத்தி உள்ளுறுப்புகளைக் காட்டினார். காற்றழுத்தத்தால் உட்குருதிப் பெருக்கை நிறுத்தலாகுமா என்பதே அவர்தம் ஆராய்ச்சி. பார்வை கிட்டியது இடையில் வந்த பேறு.

1910இல் ஸ்டாக்ஹோம் நகரத்து யாக்கோபேயுஸ் மனிதரிடத்தே இம்முறையைக் கையாண்டார். பின்னர்ப் பல்லாண்டுகள் இது பெரும்பாலும் நோயறியும் வழியாகவும் பெண்நோய் மருத்துவரின் கைக்கருவியாகவுமே நின்றது. அவருள் ஒருவரான கீல் நகரத்துக் குர்ட் செம், 1980இல் குடல்வாலைத் துளைவழியே அகற்றினார். அறுவை மருத்துவர் பலர் சினந்தனர்.

அவர் வழிநின்று, பெப்லிங்கன் நகரத்து எரிக் மூஹே, தாமே வகுத்த கருவிகொண்டு 1985 செப்டம்பர் 12ஆம் நாள் பித்தப்பையை அகற்றினார். மறு ஆண்டு ஜெர்மன் அறுவை மருத்துவர் மாநாட்டில் அவருக்குக் கிட்டியது ஏளனமே. இதனை வெறும் அழுக்காறு என்று நான் கொள்ளேன். உள்ளே குருதி பீறிட்டால் கைவிட்டு அடக்க இயலாதன்றோ! நோயாளி ஒருவர் இறக்கவே, மூஹே மீது வழக்கும் எழுந்தது. 1990இல்தான் விடுதலை பெற்றார். இதற்கிடையே 1987இல் லியோன் நகரத்து பிலிப் மூரே அதே அறுவையைச் செய்ய, முதல்வர் என்னும் புகழ் பிரான்சுக்குச் சென்றது. தொலைக்காட்சித் திரையில் வயிற்றகம் தெரியத் தொடங்கியதும் இம்முறை உலகெங்கும் விரைந்து பரவியது. 1993இல் கலிபோர்னியாவில் விட்குரோவும் கிளார்க்கும், மிகுபருமன் நோய்க்காக இரைப்பையைச் சுருக்கிக் குடலோடு இணைக்கும் அறுவையையும் துளைவழியே செய்தனர்.

அதற்கு முந்திய ஆண்டில், ஏளனம் செய்த அதே ஜெர்மன் சங்கம் மூஹேக்குப் பரிசு வழங்கியது.