திருத்தும் கையும் திருந்தும் மனமும்



முப்பத்தைந்து ஆண்டுகள் பிறர் எழுதியதைச் சிவப்பு மையால் திருத்தியவன் நான். ஓய்வு பெற்றபின், விஞ்ஞான வரலாற்றைப் பற்றி இளைஞர்க்கென ஒரு நூல் எழுதிப் பதிப்பகம் ஒன்றுக்கு அனுப்பினேன். இரண்டு மாதங்களில் கைப்பிரதி திரும்பி வந்தது. பக்கந்தோறும் பென்சில் குறிப்புகள்! குறித்தவரோ என் பழைய மாணாக்கர் வயதுடைய ஓர் இளைஞர். எனக்குச் சினம் பொங்கிற்று. கட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

பத்து நாட்கள் கழித்து மனம் கேளாமல் எடுத்துப் பார்த்தேன். "நியூட்டன் தம் பெருநூலை ஒரே மூச்சில் பிழையற எழுதி முடித்தார்" என்று நான் எழுதியிருந்த வரிக்கு எதிரே ஒரு கேள்விக்குறி இருந்தது. அவ்விளைஞர் கூற்றே தவறு எனக் காட்டும் பொருட்டு நூல்களைப் புரட்டினேன். தவறு என்னுடையதாகவே முடிந்தது.

இயக்க விதிகளையும் ஈர்ப்பு விதியையும் கூறும் 'பிரின்ஸிபியா' 1687-இல் லத்தீன் மொழியில் வெளிவந்தது. அதன் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவர வேண்டுமென முயன்றவர், கேம்பிரிட்ஜ் ட்ரினிட்டி கல்லூரித் தலைவர் ரிச்சர்டு பென்ட்லி. 1709-இல் பதிப்புப் பணி ரோஜர் கோட்ஸ் என்ற வானநூல் பேராசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது கோட்ஸுக்கு வயது 27, நியூட்டனுக்கோ 66. அவர் ராயல் சங்கத்தின் தலைவர். நாணயச் சாலையின் அதிபர். உலகம் வியந்த அறிஞர்.

நிரூபணங்கள் அனைத்தையும் சோதித்துச் சிரமப்பட வேண்டாம் என்றே நியூட்டன் எழுதினார். கோட்ஸ் கேட்கவில்லை. வரிவரியாகக் கணக்கிட்டுப் பார்த்தார். ஐயம் தோன்றிய இடமெல்லாம் பணிவோடும் உறுதியோடும் கடிதம் எழுதினார்.

ஓர் உதாரணம் கூறுகிறேன். பாத்திரத்தின் அடித்துளை வழியே பாயும் நீரின் வேகம் எவ்வளவு? நீர் நிற்கும் உயரத்தில் பாதியளவிலிருந்து விழும் பொருள் பெறும் வேகம் என்பது முதற் பதிப்பின் முடிவு. இது சோதனைகளோடு பொருந்தவில்லை என்று கோட்ஸ் சுட்டிக்காட்டினார். நியூட்டன் மீண்டும் ஆராய்ந்தார். துளையைக் கடந்தவுடன் நீர்த்தாரை ஒடுங்குவதை அளந்தறிந்தார். துளையின் விட்டம் 25 பங்கு என்றால் தாரையின் விட்டம் 21 பங்கே. அந்த ஒடுக்கத்தைக் கணக்கிற் சேர்த்ததும், பாதி உயரம் அன்று, முழு உயரமே கொள்ளத்தக்கது என்பது புலனாயிற்று. அப்பகுதியைப் புதிதாக எழுதினார். இவ்வாறு கடிதங்கள் போய்வந்து, 1713-இல் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது.

இவ்வரலாற்றில் ஒரு குறையும் உண்டு. நியூட்டன் எழுதிய முன்னுரையில் கோட்ஸின் பெயர் இல்லை. மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1716-இல், தமது 33-ஆம் வயதில் கோட்ஸ் மறைந்தார்.

இதைப் படித்தபோது எனக்கு வெட்கம் உண்டாயிற்று. நியூட்டனே ஓர் இளைஞரின் சொல்லுக்குச் செவிசாய்த்து மீண்டும் அளந்து பார்த்தாரெனில், நான் எம்மாத்திரம்? மாணவர் ஏட்டில் நான் சிவப்பு மையிட்டபோது அவர்கள் மனம் எவ்வாறு நொந்திருக்கும் என்பதையும் அன்றுதான் உணர்ந்தேன்.

கைப்பிரதியைத் திறந்து முதலிலிருந்து எழுதத் தொடங்கினேன். பென்சில் குறிப்புகள் அனைத்தையும் நான் ஏற்கவில்லை. ஏற்காதவற்றுக்குக் காரணம் எழுதி அனுப்பினேன். ஆயினும் இரண்டு அதிகாரங்கள் அடியோடு நீங்கின. நியூட்டன் அதிகாரம் முற்றிலும் புதிதாயிற்று.

மாணவர்களே, உங்கள் கட்டுரை குறிகளோடு திரும்பி வரும்போது முகம் வாடாதீர்கள். யாரோ ஒருவர் அதனை ஊன்றிப் படித்திருக்கிறார் என்பதே அக்குறிகளின் பொருள். சரியானதை ஏற்றுக்கொள்ளுங்கள், சரியெனத் தோன்றாததைச் சோதித்துப் பாருங்கள்.

மற்றொன்றையும் மறவாதீர்கள். திருத்தியவருக்கு நன்றி கூறுவதும் நம் கடமை. நியூட்டனிடம் நான் கல்லாது விட்டது அந்த ஒன்றுதான். என் நூலின் முன்னுரையில் முதல் வரியாக எழுதியிருப்பது அவ்விளைஞரின் பெயரே.