வீட்டு பீர் செட்டப்: எதை வாங்கணும், எதை நீங்களே செய்யலாம்?

படிப்புக்கோ வேலைக்கோ வெளிநாடு போகும் நம்ம ஊர் இளைஞர்கள் அங்கே அடிக்கடி எதிர்கொள்ளும் ஹாபிகளில் ஒன்று, ஹோம்ப்ரூயிங். பக்கத்து வீட்டு கேரேஜில் பெரிய பானை ஒன்று கொதித்துக்கொண்டிருக்கும். ஆபீஸ் நண்பர் லேபிள் இல்லாத பாட்டிலை நீட்டி, 'நானே காய்ச்சின பீர்' என்பார். 'நாமளும் ஒரு கை பார்த்தா என்ன?' என்று தோன்றி யூடியூபைத் திறந்தால், அங்கே இரண்டு கட்சிகள். ஒரு கட்சி, 'ஐஸ் பெட்டி, செம்புக் குழாய், ட்ரில்லிங் மெஷின் போதும், எல்லாத்தையும் நீயே செய்' என்கிறது. இன்னொரு கட்சி, 'மெஷின் வாங்கு, பட்டனைத் தட்டு' என்கிறது.

மொத்த செட்டப்பையும் வாங்குவதா, செய்வதா என்று கேட்டால் விடை கிடைக்காது. ஒவ்வொரு கருவியையும் தனித்தனியாக எடுத்துவைத்துக் கேட்கணும். அதற்கு முன்னால், கட்டாயம் தெரிஞ்சுக்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

முதல்ல சட்டம்

தமிழ்நாட்டில் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். 1937-ம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் அதைத் தடை செய்கிறது. 'எனக்கு மட்டும்தானே' என்ற சமாதானம் செல்லாது. எனவே இங்கே படிப்பவர்கள் இதைத் தகவலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் 1963-லேயே வீட்டு பீருக்கான லைசென்ஸ் முறை நீக்கப்பட்டது. அமெரிக்காவில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்ட சட்டம், 1979 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. தனியாக வசிக்கும் ஒருவர் ஆண்டுக்கு 100 கேலன், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பெரியவர்கள் உள்ள வீடு 200 கேலன் வரை வரியில்லாமல் காய்ச்சலாம். மாகாணங்களுக்குத் தனி விதிகள் உண்டு. மிசிசிப்பியும் அலபாமாவும் 2013-ல்தான் அனுமதித்தன. சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர்கள், வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை சொந்த உபயோகத்துக்குத் தயாரிக்கலாம். இந்த மூன்று நாடுகளிலுமே லைசென்ஸ் இல்லாமல் விற்கக் கூடாது.

இன்னொரு எல்லைக்கோடும் இருக்கிறது. ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைப்பது வேறு, அதைக் காய்ச்சி வடித்துச் சாராயம் எடுப்பது வேறு. வடிப்பதற்கு இந்த நாடுகளிலும் வீட்டில் அனுமதி இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது மெத்தனால் கலந்த சாராயம். தானியத்தைப் புளிக்கவைக்கும் பீரில் அந்த அளவுக்கு மெத்தனால் உருவாகாது. ஆனால் பீருக்கு அதற்கே உரிய வேறு ஆபத்துகள் இருக்கின்றன. கருவி விஷயத்தில் முடிவெடுக்க அவைதான் உதவும்.

பானைக்குள் என்ன நடக்கிறது?

வேலை நான்கு கட்டம். முதலில், முளைகட்டி உலர்த்திய பார்லியை (மால்ட்) நொறுக்கி, 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அடுத்து, அந்த இனிப்புச் சாற்றை ஹாப்ஸ் பூக்களுடன் ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். பிறகு, 20 டிகிரிக்குச் சீக்கிரமாக ஆறவைத்து ஈஸ்ட் சேர்க்க வேண்டும். ஒன்றிரண்டு வாரம் புளித்ததும், கொஞ்சம் சர்க்கரை சேர்த்து பாட்டிலில் அடைக்க வேண்டும். பாட்டிலுக்குள் உருவாகும் வாயுதான் நுரை.

வழக்கமான வீட்டு அளவு 5 கேலன், அதாவது 19 லிட்டர். 355 மி.லி. பாட்டிலில் அடைத்தால் ஏறத்தாழ 50 பாட்டில் வரும்.

இட்லி மாவு அரைக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதை புதுசில்லை. மாவு பொங்குவதும் வெயில் காலத்தில் சீக்கிரம் புளிப்பதும் நாம் பார்த்ததுதான். பீரிலும் சூடு, சுத்தம், வாயு இந்த மூன்றும்தான் எல்லாத்தையும் தீர்மானிக்கின்றன.

ஒரே ஒரு கேள்வி

எந்தக் கருவியை எடுத்தாலும் இதைக் கேளுங்கள்: 'இது சொதப்பினால் என்ன ஆகும்?'

'பீர் கொஞ்சம் சுமாரா வரும்' என்பது பதில் என்றால், தாராளமாக நீங்களே செய்யுங்கள். 'மொத்த பேட்ச்சும் சாக்கடைக்குப் போகும்' என்றால், விலையைப் பார்த்து முடிவெடுங்கள். 'கை போகும், கண் போகும், ஷாக் அடிக்கும்' என்றால், யோசிக்காமல் வாங்கிடுங்க.

வாங்கியே ஆக வேண்டியவை

ஹைட்ரோமீட்டர்: சாற்றின் அடர்த்தியை அளக்கும் கண்ணாடிக் குழாய். விலை அதிகமில்லை. தொடக்கத்தில் 1.050, முடிவில் 1.010 என்று காட்டினால், வித்தியாசத்தை 131.25-ஆல் பெருக்குங்கள். 5.25 சதவிகித ஆல்கஹால். இதைவிட முக்கியமான வேலை ஒன்றும் இதற்கு உண்டு. இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த அளவு மாறாமல் இருந்தால்தான் புளிப்பு முடிந்தது என்று அர்த்தம். முடியாமலே பாட்டிலில் அடைத்தால் வாயு ஏறிக்கொண்டே போய் பாட்டில் வெடிக்கும். கண்ணாடிச் சில்லு பறக்கும். குமிழி நின்றதை வைத்துக் கண்மதிப்பில் முடிவெடுக்காதீர்கள்.

பாட்டில்கள்: திருகு மூடி போட்ட மெல்லிய பாட்டில் வேண்டாம். ஓப்பனரால் திறக்கும் தடித்த பழுப்பு நிற பாட்டில்தான் சரி. பழுப்பு நிறம் வெளிச்சத்தையும் தடுக்கும். காலி பாட்டிலைக் கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம். கீறலோ விரிசலோ இருந்தால் தூக்கிப்போடுங்கள். 19 லிட்டருக்குச் சேர்க்கும் சர்க்கரை ஏறத்தாழ 110 முதல் 120 கிராம். ஸ்பூன் கணக்கு ஆகாது, தராசில் நிறுத்துப் போடுங்கள்.

கெக், சிலிண்டர், ரெகுலேட்டர்: அழுத்தம் தாங்கும் எதையும் வீட்டில் செய்யாதீர்கள். 2012-ல் அமெரிக்காவின் போர்ட்ஸ்மத் நகரில் உள்ள பீர் ஆலை ஒன்றில், பிளாஸ்டிக் கெக் வெடித்து ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். தொழிற்சாலையிலேயே அந்த நிலை என்றால், பால்கனியில் சொல்லவே வேண்டாம். பழைய பீர் கெக்கை அறுத்துப் பானையாக்கும் வீடியோக்களும் நிறைய உண்டு. டெபாசிட் கட்டி எடுத்துவந்த கெக் உங்கள் சொத்து ஆகாது, அது ஆலைக்குச் சொந்தம். அறுத்தால் அது இன்னொருவர் பொருளைச் சேதப்படுத்திய கதை.

கிருமிநாசினி: சாறு ஆறிய பிறகு அதைத் தொடும் ஒவ்வொரு பொருளையும் இதில் நனைக்க வேண்டும். கழுவத் தேவையில்லாத அமில வகை கடையில் கிடைக்கும், ஒரு பாட்டில் பல பேட்ச்சுக்கு வரும். பிளீச்சிங் திரவத்தையும் வினிகரையும் கலந்து நீங்களே தயாரிக்க முயன்றால் விஷமான குளோரின் வாயு வரும். விளையாட வேண்டாம்.

மின் ஹீட்டரும் கன்ட்ரோலரும்: தண்ணீரும் கரன்ட்டும் சேரும் இடம் இது. பிளக்கைச் செருகினால் வேலை செய்யும் ரெடிமேட் வெப்பநிலை கன்ட்ரோலர் இன்று எளிதில் கிடைக்கிறது. எலெக்ட்ரிகல் வேலை தெரியாதவர்கள் டப்பா வாங்கி வயரிங் செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

நீங்களே செய்ய ஏற்றவை

செம்புச் சுருள்: கொதித்த சாற்றைச் சீக்கிரம் ஆறவைக்கும் கருவி. 3/8 அங்குல மென்செம்புக் குழாய் 25 அடி வாங்கி, ஒரு பானையைச் சுற்றி மெதுவாக வளைத்து, இரு முனையிலும் ரப்பர் குழாயை க்ளாம்ப் போட்டு இறுக்கினால் முடிந்தது. பற்றவைப்பு தேவையில்லை. முதலில் வெறும் தண்ணீர் விட்டு ஒழுகுதா என்று பாருங்கள். வினிகரில் துடைத்துக் கழுவுங்கள். கொதி முடிய 15 நிமிடம் இருக்கும்போது பானைக்குள் இறக்கினால், கிருமிநீக்கமும் ஆகிவிடும். ஆனால் வாங்கும் முன்னால் கடையில் விற்கும் ரெடிமேட் சுருளின் விலையையும் பாருங்கள். செம்பு விலை ஏறிய நேரத்தில் மிச்சம் ஒன்றுமே இல்லாமல் போகலாம்.

ஊறவைக்கும் பெட்டி: தண்ணீர் பிடிக்கும் ஐஸ் பெட்டியின் குழாயைக் கழற்றி, ஸ்டீல் வால்வும் உள்ளே வலைக்குழாயும் பொருத்துவது பிரபலமான முறை. ஒரு மணி நேரத்தில் ஒன்றிரண்டு டிகிரிதான் இறங்கும். குழாய்கள் உணவுத்தர சிலிகானாக இருக்கணும். தோட்டத்துக் குழாய், பி.வி.சி., துத்தநாகம் பூசிய இரும்பு எதுவும் சூடான சாற்றுக்கு ஆகாது.

புளிக்கவைக்கும் வாளி: மூடியில் துளை போட்டு ஏர்லாக் செருகினால் போதும். பேக்கரிகளில் கிரீம் வரும் உணவுத்தர வாளி பெரும்பாலும் சும்மாவே கிடைக்கும். பெயின்ட் வாளி கூடாது. உள்ளே கீறல் விழுந்தால் கிருமி குடியேறும், ஸ்க்ரப்பர் போடாதீர்கள். வாயு வெளியேற வழியில்லாமல் இறுக மூடுவதும் ஆபத்து. பெரிய கண்ணாடி ஜாடி பார்க்க அழகுதான். ஆனால் 19 லிட்டர் எடையோடு ஈரக் கையில் நழுவி உடைந்தால் ஆஸ்பத்திரிதான். வாளியே நல்லது.

குளிர்த் தொட்டி: அகலமான டப்பில் தண்ணீர் ஊற்றி, வாளியை அதில் வைத்து, பழைய டி-ஷர்ட்டை நனைத்துப் போர்த்தி, ஃபேனைத் திருப்பிவிடுங்கள். மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே விஷயம்தான். காற்று வறண்ட ஊரில் நன்றாக வேலை செய்யும். சிங்கப்பூர் புழுக்கத்தில் பலன் குறைவு. அங்கே செகண்ட் ஹேண்ட் ஃப்ரிட்ஜும் கன்ட்ரோலரும் உதவும். ஃப்ரிட்ஜ் சுவரில் ட்ரில் போடாதீர்கள், உள்ளே வாயுக் குழாய் ஓடும். சென்சார் வயரைக் கதவின் ரப்பர் இடுக்கு வழியாகவே விடலாம்.

வாங்காமலும் செய்யாமலும்...

செட்டப் வீடியோக்களில் இந்தப் பகுதி அதிகம் வராது. சில கருவிகள் தேவைப்படாத மாதிரி முறையையே மாற்றிக்கொள்ள முடியும்.

ஆஸ்திரேலியாவில் உருவாகிப் பரவிய 'ப்ரூ இன் எ பேக்' முறையில், மால்ட்டைத் துணிப்பையில் கட்டி, கொதிக்கவைக்கும் பானையிலேயே ஊறவைக்கிறார்கள். அடுப்பை அணைத்துக் கம்பளி சுற்றினால் சூடு நிற்கும். ஊறவைக்கத் தனிப் பெட்டி எதற்கு? அதைவிட எளிது மால்ட் எக்ஸ்ட்ராக்ட். சர்க்கரையாக மாறிய சாற்றைப் பாகாகவோ பொடியாகவோ விற்கிறார்கள். ஊறவைக்கும் கட்டமே போய்விடும்.

வெக்கையான ஊரா? நார்வே கிராமங்களில் தலைமுறைகளாகக் கைமாறிவந்த க்வைக் என்ற ஈஸ்ட் வகை, 30 டிகிரிக்கு மேலும் நன்றாகவே புளிக்கவைக்கும். ஒரு பாக்கெட் ஈஸ்ட்டை மாற்றினால், ஃப்ரிட்ஜ் செலவைத் தள்ளிப்போடலாம்.

ஆல் இன் ஒன் மெஷின் வாங்கலாமா?

ஊறவைப்பது, கொதிக்கவைப்பது எல்லாம் ஒரே மின் பானையில். கேஸ் அடுப்பு வேண்டாம், அபார்ட்மென்ட்டுக்கு ஏற்றது. பெரிய புரொபேன் பர்னரை வீட்டுக்குள் ஏற்றினால் கார்பன் மோனாக்சைடு அபாயம் உண்டு என்பதால், பால்கனி கூட இல்லாதவர்களுக்கு மின் பானை நியாயமான தேர்வு. ஆனால் சில நூறு டாலரில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும். மாதம் ஒரு முறையாவது காய்ச்சுவீர்களா என்று தெரிந்த பிறகு வாங்கினால் போதும்.

வாங்கும்போது, 'கம்பெனி மூடினாலும் இது ஓடுமா?' என்று பாருங்கள். அமெரிக்காவின் சியாட்டிலைச் சேர்ந்த பிகோப்ரூ, இன்டர்நெட் வழியாக ரெசிப்பி இறங்கும் தானியங்கி மெஷின்களை விற்றது. அதன் சில மாடல்களுக்கு அந்த கம்பெனியின் பாக்கெட்டுகளே தேவை. 2020-ல் கம்பெனி மூடப்பட்டதும், மெஷின் வைத்திருந்தவர்கள் மாற்று சர்வரைத் தாங்களே உருவாக்க வேண்டியதாயிற்று. ஆப் இல்லாமலும் கையால் இயக்க முடிகிற மெஷினே நீடிக்கும்.

கணக்கு இப்படிப் போடுங்கள்

செய்வதற்கான செலவில் உதிரிபாகத்தை மட்டும் எழுதினால் ஏமாந்துபோவீர்கள். ட்ரில், ஸ்பானர், டெஃப்ளான் டேப், தவறான அளவில் வாங்கிய வால்வு, மறுபடி கடைக்குப் போன பயணம் எல்லாம் சேரும். கருவிகள் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் செய்வது லாபம். எல்லாம் புதிதாக வாங்கணும் என்றால் பெரும்பாலும் நஷ்டம். 'எனக்கு அந்த வேலையே பிடிக்கும்' என்றால் அது தனிக் கணக்கு. அப்போது அது பீர் செலவு இல்லை, தச்சு வேலை மாதிரி இன்னொரு ஹாபி.

செகண்ட் ஹேண்டையும் மறக்காதீர்கள். ஊர் மாறும்போதும் குழந்தை பிறக்கும்போதும் பலர் மொத்த செட்டையும் விற்றுவிடுவார்கள். ஸ்டீல் பானையும் பாட்டில் மூடும் கருவியும் பழசாக இருந்தால் தப்பில்லை. பிளாஸ்டிக் வாளி, ரப்பர் குழாய், ரெகுலேட்டர் மூன்றையும் புதிதாகவே வாங்குங்கள்.

எந்த வரிசையில் போகலாம்?

முதல் பேட்ச்: 4 லிட்டர், மால்ட் எக்ஸ்ட்ராக்ட், வீட்டில் இருக்கும் பெரிய பானை. வாங்குவது ஹைட்ரோமீட்டர், தெர்மாமீட்டர், கிருமிநாசினி, ஏர்லாக், பாட்டில் மூடும் கருவி மட்டும். இந்த அளவை ஐஸ் தண்ணீர் நிரம்பிய சிங்க்கில் வைத்தே ஆறவைக்கலாம்.

இரண்டாவது பேட்ச்: அதே ரெசிப்பி, அதே அளவு. இரண்டு முறையும் எது உங்களைப் படுத்தியது என்று போனில் குறித்துவையுங்கள்.

மூன்றாவதுக்கு முன்னால் அந்தக் குறிப்பை எடுங்கள். ஆறவைக்க நேரம் ஆனதா? சுருள் செய்யுங்கள். அறைச் சூட்டில் சுவை கெட்டதா? குளிர்த் தொட்டி அல்லது ஈஸ்ட் மாற்றம். தூக்கி இறக்கி முதுகு போனதா? அளவைக் குறைத்தாலே போதும். எதுவும் படுத்தவில்லையா? பர்ஸை மூடி வையுங்கள்.

இரண்டாவது பேட்ச்சோடு ஆர்வம் தீர்ந்துபோனாலும் கவலையில்லை. தெர்மாமீட்டர் சமையலறைக்குப் போகும், பானையில் பிரியாணி வேகும்.